யார் வீட்டு ரத்தம்

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை ஜெகதீஷின் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட முடியாது. கடையில் இருப்பது ஒரு முகம். மற்றதெல்லாம் ஃப்ளெக்ஸில். நடிகரின் பிறந்தநாள் நெருங்கினால், ஜெகதீஷ் இருக்கும் ரசிகர் நற்பணி மன்றத்தின் ரத்ததான முகாம் வரும். முகாமுக்கு நான்கு நாள் முன்பே பேனர் வரும். நடுவில் நடிகர், கீழே வரிசையாக மன்றத்துப் பையன்கள், வலது ஓரத்தில் எல்லாரையும் விடப் பெரிதாகக் கைகூப்பியபடி ஜெகதீஷ். "இருபத்தைந்து முறை உதிரம் தந்த உத்தமர்" என்று ஒரு வருஷம் போட்டிருந்தது. இதையெல்லாம் யார் எழுதுவது என்று கேட்டால், "பசங்க ஆசைப்பட்டுப் போடுறாங்க, நான் இன்னா பண்றது" என்று கூச்சப்படுவான். அச்சுக்குப் போகுமுன் வாசகத்தை உட்கார்ந்து திருத்திக் கொடுப்பது யார் என்பது பேனர் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை. அவனுக்கு வேண்டிய அளவு ஊர் சொல்லிவிட்டது. அவன் மனைவி அன்புக்கரசிக்கு எந்தப் பேனரிலும் இடம் கிடைத்ததில்லை. அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்புக்கரசி தளவானூர்ப் பெண். அப்பா விநாயகத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுவார். ஒரே தம்பி அன்புமணி. பதினேழு வயதில் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போன இடத்தில் கண்ட தண்ணீரைக் குடித்துக் காமாலையோடு திரும்பி வந்தான். கூட வேலை செய்த மூன்று பேருக்கும் அதே காமாலைதான். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், இவன் பத்து நாளில் போய்விட்டான்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஜெகதீஷ் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது விநாயகம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டார். "பின்னாடி யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சிக்கக் கூடாது பாருங்க. எம் பையன் காமாலைல போய்ட்டான். மறைச்சிப் பொண்ணு குடுக்கறது எனக்குப் பழக்கமில்ல."

மாப்பிள்ளையின் அம்மா தனகோட்டி உச்சுக்கொட்டினாள். "அதுக்கு இன்னா பண்றது சம்பந்தி, தலையெழுத்து. பொண்ணு நல்லா இருக்குதில்ல, அது போதும்" என்றாள். பெருந்தன்மைதான் என்று விநாயகம் நெகிழ்ந்துபோனார். வீட்டுக்கு வீடு சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கல்யாணமான புதிதில் ஜெகதீஷின் வயிற்றில், இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே, ஒரு ஜாண் நீளத்துக்குத் தழும்பு இருப்பதை அன்புக்கரசி பார்த்தாள். என்ன என்று கேட்டாள். "ஆறாவது படிக்கும்போது ராஜகிரிக் கோட்டைல ஏறினோம். மழை பேஞ்ச பாறை, வழுக்கிடுச்சு. கல்லு கிழிச்சதுல பதினாலு தையல்" என்றான். செஞ்சியில் பிறந்த எந்த ஆம்பளைக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். முட்டியைக் காட்டுவான், முழங்கையைக் காட்டுவான். அவளும் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, பாவம் எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்தத் தழும்பைத் தடவிக் கொடுத்தாள். பின்னாளில் வேறு எதை நினைத்தாலும் தாங்கிக்கொண்டவளுக்கு, தன் கை அன்று அப்படித் தடவியதை மட்டும் நினைக்க முடியாமல் போனது.

இரண்டு வருஷத்தில் வித்யாஸ்ரீ பிறந்தாள். பிறந்த மறுநாளே குழந்தையின் உடம்பு மஞ்சள் பூத்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் ஆறு நாள் போட்டு வைத்தார்கள். நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், பயப்படாதே என்று நர்ஸ் சொன்னாள். தனகோட்டி வேறு ஒன்று சொன்னாள். "அன்னிக்கே அவங்க நைனா சொன்னாரே, அவங்க வீட்ல காமாலை ஓடுதுன்னு. நாமதான் பெரிசா எடுத்துக்கல."

நேர்மையாகச் சொன்ன வார்த்தையை எடுத்து, சொன்னவர் மகளின் தலையிலேயே போட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது இது. குழந்தைக்குச் சளி பிடித்தால் கண் மஞ்சளாகும், காய்ச்சல் வந்தால் மஞ்சளாகும். சிறுநீர் டீ டிக்காஷன் மாதிரி இறங்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு தடவையும் பத்தியம். கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் குழைந்த சோறு. இரண்டு வயதுக் குழந்தை உப்பில்லாத சோற்றைத் துப்பும். துப்பினால் தனகோட்டி மருமகளைப் பார்ப்பாள். மாசமாக இருந்தபோது நீ கண்டதைத் தின்றாய் என்பாள், உன் தம்பிதான் பேத்தி உடம்பில் வந்து நிற்கிறான் என்பாள். ஜெகதீஷ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "விடும்மா, அவ இன்னா பண்ணுவா" என்று மட்டும் சொல்வான். புருஷன் தனக்காகப் பேசுகிறான் என்று அன்புக்கரசி அதற்கும் நன்றியோடு இருந்தாள்.

மூலிகை வைத்தியரே ஒருநாள் கையை விரித்தார். நல்ல மனுஷர். "மூணாவது தடவையா கூட்டினு வர்றம்மா. இது என் மருந்துக்கு அடங்குற காமாலை இல்ல. பெரிய டாக்டரண்ட காட்டு" என்றார். உள்ளூர்க் கிளினிக்கில் காட்டினார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று கேட்டார். ஜெகதீஷ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். "உங்க பக்கம்?" என்றார் டாக்டர். "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது சார்" என்றான் ஜெகதீஷ்.

வித்யாஸ்ரீக்கு நான்கு வயதானபோது அன்புக்கரசிக்கு நாள் தள்ளிப்போனது. இருபது நாள். அவளுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்று கொள்ளை ஆசை. கடைத்தெருவில் கைக்குழந்தையைப் பார்த்தால் நின்று கன்னத்தைக் கிள்ளாமல் வரமாட்டாள். அப்படிப்பட்டவள் அந்த இருபது நாளும் பயத்தில் சோறு தின்னவில்லை. தன் ரத்தத்தில் இருக்கும் வியாதி இன்னொரு பிஞ்சுக்கும் போய்விடுமே, அதற்கும் உப்பில்லாத சோற்றைத் தன் கையாலேயே ஊட்ட வேண்டுமே என்று பயந்தாள். கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனது. ஆனாலும் அவள் அதோடு விடவில்லை. புருஷனிடம் போய், "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேங்க. எங்க வீட்டு ரத்தம் இவளோட நிக்கட்டும்" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றான்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்து விழுப்புரம் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது அவன் இளநீர் வாங்கி வந்தான். ஸ்ட்ரா போட்டு வாயருகே பிடித்தான். அவளுக்கு வயது இருபத்தேழு. இவ்வளவு செய்கிற புருஷனுக்கு ஒரு ஆண்பிள்ளை பெற்றுத் தர முடியவில்லையே என்று படுத்தபடியே அழுதாள். அவன் கண்ணைத் துடைத்துவிட்டான்.

ஆறு வயதில் ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு வித்யாஸ்ரீ பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தாள். விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு மூன்றில் இருந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ஆட்களைக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ஜெகதீஷ் ஒரு போன் போட்டதும் மன்றத்துப் பையன்கள் ஆறு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். "நீங்களும் குடுங்க" என்றாள் அன்புக்கரசி. "போன வாரம்தான முகாம்ல குடுத்தேன், மூணு மாசம் ஆகணும்" என்றான்.

அப்போதுதான் அவளாகவே ரத்த வங்கிக்குள் நுழைந்தாள். தன் கெட்ட ரத்தத்தை எடுப்பார்களா என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே வேலை பார்க்கும் நஜ்மா செஞ்சிக்காரி. பஜாரில் பூட்டுச் சாவிக்கடை ரசூல் பாயின் மகள். விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "பதிமூணு இருக்குதுக்கா, அம்சமான ரத்தம். வந்து படுங்க" என்றாள். பரிசோதனைக்குப் போன ரத்தமும் நன்றாக இருக்கிறது என்று வந்தது. அன்றிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, முகாமோ பேனரோ இல்லாமல், பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்ததால்தான் தன் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அதற்கு வேறு எப்படி நன்றி சொல்வது என்பது அவள் கணக்கு. போய் வந்தால் இரண்டு நாளைக்கு மனசு லேசாக இருக்கும்.

ஒருநாள் புருஷனைக் கேட்டாள். "எங்க வீட்டு ரத்தம் கெட்டதுன்னா, அங்க ஏங்க எடுத்துக்கிறாங்க?"

"அது வேற, இது வேற" என்றான் ஜெகதீஷ்.

பேனரில் உத்தமர் என்று போட்டிருக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன வருஷம் விழுப்புரத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். வித்யாஸ்ரீக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை மஞ்சக்கண்ணி என்று கூப்பிடுவார்கள். அவளும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத பெண்ணாகியிருந்தாள். டாக்டரம்மா பழைய சீட்டையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். சிவப்பணு தட்டையாக, நடுவில் குழிந்து இருக்க வேண்டும். இவளுக்கு உருண்டையாக இருக்கிறது. உருண்டையாக இருப்பதை மண்ணீரல் வடிகட்டி உடைத்துப் போடுகிறது. உடைந்ததுதான் கண்ணில் மஞ்சளாக நிற்கிறது. பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்ணீரலை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"இது பரம்பரையா வர்றது. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும், பிள்ளைக்கு வரலாம். உங்க ரெண்டு வீட்லயும் யாருக்காவது சின்ன வயசுல மண்ணீரல் எடுத்திருக்காங்களா?"

"எங்க பக்கம் இல்லீங்க டாக்டர்" என்றான் ஜெகதீஷ். "இவங்க தம்பிதான் காமாலைல..."

டாக்டரம்மா தம்பியின் கதையைக் கேட்டுவிட்டு, அது வேறு காமாலை மாதிரித் தெரிகிறது என்றார். சில சமயம் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும், எதற்கும் அடுத்த தடவை இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்றார். அடுத்த தடவை ஜெகதீஷுக்குக் கடையில் வேலை இருந்தது. அதற்கடுத்த தடவையும் இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முன்கூட்டியே போட வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டார்கள். ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு அன்புக்கரசி நஜ்மாவிடம் போனாள். தானும் அன்றே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

நஜ்மா சீட்டை வாங்கிப் படித்தாள். வியாதியின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "அட, பாப்பாவுக்கும் இதுதானாக்கா? அவங்க நைனாவுக்கு எடுத்த மாதிரியேவா?"

"எத எடுத்த மாதிரி?"

"மண்ணீரல்தான். அதனாலதான முதல் முகாம்லயே அண்ணனை வேணாம்னு சொன்னோம். ஃபாரத்துல அவரே எழுதியிருந்தாரு, பன்னெண்டு வயசுல பாண்டில ஆபரேஷன், உருண்டை அணு வியாதின்னு. குடுக்கக் கூடாதுண்ணேன்னேன். சரி, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்னு..."

அங்கே நிறுத்தினாள். எதிரில் நிற்கிறவள் முகம் போன போக்கைப் பார்த்து, கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா? அல்லா! எட்டு வருஷமா பிள்ளைய வச்சிக்கினு அலையறீங்களே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சி சொல்லிட்டேன்க்கா."

அன்புக்கரசி பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நஜ்மா தண்ணீர் கொண்டு வந்தாள். குடிக்கவில்லை. "போட்டோவுக்கு எப்படிப் படுப்பாரு?" என்று கேட்டாள். எதற்கு அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

நஜ்மா மெல்லச் சொன்னாள். ஆண்டு தவறாமல் நடப்பதுதான். கட்டிலில் படுப்பார், கையில் பந்தைக் கொடுப்பார்கள், முழங்கை மடிப்பில் பிளாஸ்டரை ஒட்டுவார்கள். குழாய் பக்கத்துக் கட்டில்காரனுடையது. அது படத்தில் விழாத மாதிரி நிற்கக் கேமராக்காரனுக்குத் தெரியும்.

அன்று அவள் ரத்தம் கொடுக்கவில்லை. செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் டிக்கெட் வாங்கினாள்.

வீட்டில் தனகோட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி நின்றபடியே கேட்டாள். "உங்க பையனுக்கு மண்ணீரல் எடுத்தது எந்த வருஷம் அத்தை?"

முறம் நின்றது. கிழவி மழுப்பிப் பார்த்தாள், யார் சொன்னது என்று கேட்டுப் பார்த்தாள், கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள். "அவன் நைனாவுக்கும் இருந்துச்சு. பித்தப்பைல கல்லு வந்து அதுலயே போனாரு. இவனுக்காவது எடுத்துடலாம்னு எடுத்தோம். நல்லா ஆயிட்டானே, அப்பறம் இன்னாத்துக்கு ஊருக்குச் சொல்றதுன்னு விட்டுட்டோம். சொன்னா எவ பொண்ணு குடுப்பா?"

"எங்க நைனா சொல்லிட்டுத்தான குடுத்தாரு?"

"அது அவரு கொணம்" என்றாள் தனகோட்டி.

சரிதானே. அது அவர் குணம். குணத்தைக் கொண்டுவந்து இவர்கள் முன்னால் வைத்தார். இவர்கள் அதை எடுத்துத் தங்கள் குறையை மூடிக்கொண்டார்கள். தம்பி செத்துப்போனது போதாதென்று, செத்தவனை எட்டு வருஷமாகத் தினம் கூப்பிட்டு வந்து நடுவீட்டில் நிறுத்தினார்கள். அதைக் கேட்கக் கேட்க அன்புக்கரசியும் அவனை வெறுத்திருக்கிறாள். அவன் திதிக்கு மூன்று வருஷமாகத் தளவானூருக்குப் போகவில்லை.

மதியம் பஜாரில் பாதி ஷட்டர் இறக்கியிருக்கும் நேரம். அவள் கடைக்குப் போனாள். ஜெகதீஷ் குக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மேஜை மேல் இந்த வருஷப் பேனரின் மாதிரி கிடந்தது. முப்பதாவது முறை என்று போட்டிருந்தது.

"சட்டையத் தூக்குங்க" என்றாள்.

"இன்னாடி இது, கடைல..."

"ராஜகிரிப் பாறை நேர்கோடா கிழிக்குமா? தூக்குங்க, பார்க்கணும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் மிச்ச ஷட்டரையும் இறக்கினான். அம்மா பயந்தாள் என்றான். கல்யாணத்துக்கப்புறம் சொல்லலாம் என்று இருந்தானாம். அப்புறம் அவள் மாசமாகிவிட்டாளாம், பயப்படுவாளே என்று விட்டானாம். குழந்தை மஞ்சளாகப் பிறந்தபோது இது சாதாரணக் காமாலையாகத்தான் இருக்கும் என்று வேண்டிக்கொண்டானாம். பிறகு எல்லாரும் அவள் வீட்டு வியாதி என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம், நடுவில் எப்படிச் சொல்வது? அடுக்கடுக்காக ஞாயம் வைத்திருந்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு வந்து சொன்னேனே. எங்க வீட்டு ரத்தம் இவளோட நிக்கட்டும்னு சொன்னேனே. அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலியா?"

அவன் ஒரு குக்கர் பெட்டியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

"அப்பறம் எப்படிங்க போய் இளநிக்காரனண்ட நின்னு, நல்லதா ஒண்ணு வெட்டுன்னு கேக்க முடிஞ்சுது?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான். அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றான், இருபத்திரண்டாம் தேதி முகாம், பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, சிரித்துவிடுவார்கள் என்றான். "செவ்வாக்கெழம டாக்டரண்ட நானே வர்றேன் அன்பு. நானே சொல்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

அன்புக்கரசி ஊர் சிரிக்க வேண்டுமென்று கேட்கவில்லை, பேனரைக் கிழிக்கவும் கேட்கவில்லை. "ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். "உங்க வாயால சொல்லணும். வித்யா எதிர்ல சொல்லணும். இது அவ அம்மாவால வந்தது இல்லன்னு அவளுக்குத் தெரியணும். அதுக்கப்பறம் நான் உங்கள எதுவும் கேக்க மாட்டேன்."

"சத்தியமா" என்றான்.

அன்றைய தேதியில் அவள் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். அதுவும் கிடைத்துவிடும் என்று நம்பினாள். இத்தனைக்கும் பிறகு அவனையே நம்பினாளா என்று கேட்காதீர்கள். பத்து வருஷம் பழகிய கால் பழகிய வழியில்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். வித்யாஸ்ரீ நடுவில். ஜெகதீஷ் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு சொன்னான். "டாக்டர், எனக்கும் இது இருந்துச்சு. பன்னெண்டு வயசுல மண்ணீரல் எடுத்துட்டாங்க. எங்க நைனாவுக்கும் இருந்துச்சு."

அன்புக்கரசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போல இருந்தது. மகளின் முதுகில் கை வைத்தாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டார். "என்ன மனுஷன் நீங்க? நான் கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களே! முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க. ரத்தம் மூணுக்கு இறங்கற வரைக்கும் விட்டிருக்க மாட்டாங்க. குழந்தை போயிருந்தா யார் பதில் சொல்றது? ஏன் மறைச்சீங்க?"

ஜெகதீஷ் மேஜையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அவனுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில், வழக்கம்போல, பொண்டாட்டி இருந்தாள்.

"நான் சொல்லலாம்னுதான் டாக்டர் இருந்தேன். இவங்கதான், வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணுக்கு மாப்ள கிடைக்காது, சொல்லாதீங்கன்னு..."

டாக்டரம்மா அன்புக்கரசி பக்கம் திரும்பினார். தினமும் அப்படிப்பட்ட தாய்மார்களைப் பார்க்கிறவர் அவர். நம்பாமல் என்ன செய்வார்? "படிச்ச பொண்ணா இருக்கியேம்மா. கல்யாணம் பெரிசா, உயிர் பெரிசா? பெத்தவ செய்யற காரியமா இது?"

பதினைந்து வினாடி முன்னால் இறங்கிய பழியை, ஜெகதீஷ் அன்புக்கரசியின் கண்ணெதிரிலேயே எடுத்து மறுபடியும் அவள் தலையில் வைத்துவிட்டான். யோசித்துச் செய்திருந்தால்கூடச் சண்டை போடலாம். அவன் யோசிக்கவே இல்லை. அவனுக்கு அது கைப்பழக்கம். இவனோடு இனி ஒருநாளும் முடியாது என்று அந்த நாற்காலியில் வைத்துத்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் வித்யாஸ்ரீ அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் என்ன மாதிரியே கண்ணு மஞ்சளா இருந்துச்சா நைனா?"

"ம்."

"உன்னையும் ஸ்கூல்ல கூப்ட்டாங்களா, மஞ்சக்கண்ணன்னு?"

ஜெகதீஷ் தலையாட்டினான்.

"அப்ப நான் அழுதப்போ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எங்க நைனாவுக்கும் இருந்துச்சு, சரியாயிடுச்சுன்னு நான் அவங்ககிட்ட சொல்லியிருப்பேனே. நான் செத்துடுவேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எட்டு வயதுப் பிள்ளை சாவைப் பற்றித் தனியாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சோறு ஊட்டிய அன்புக்கரசிக்கு அது தெரியாது. தனக்குச் செய்ததையெல்லாம் எண்ணி வைத்திருந்தவள், இதை எண்ணவே இல்லை.

அவள் டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை. "டாக்டர், எனக்கு இந்த விஷயம் போன வியாழக்கிழமைதான் தெரியும். அதுவும் ரத்த வங்கியில சொல்லித்தான் தெரியும். எங்க வீட்டு ரத்தம்னு நெனச்சி இருபத்தேழு வயசுல நான் கருத்தடை பண்ணிக்கிட்டேன். தேதி வேணும்னா உங்க ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்லயே இருக்கும். தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பனா?"

டாக்டரம்மா ஜெகதீஷைப் பார்த்தார். அவன் செல்போனை எடுத்து, எந்த அழைப்பும் வராத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

டாக்டரம்மா, "மன்னிச்சுக்கம்மா" என்றார். பிறகு பேனாவை எடுத்து அட்மிஷன் சீட்டை நிரப்ப ஆரம்பித்தார். பெயர், வயது, ரத்த வகை. குடும்ப வரலாறு என்ற இடத்தில் தந்தை என்று எழுதினார். "வார்டுல கூட ரெண்டு பேர் மாத்தி மாத்தி இருக்கலாம். யார் யார்னு போடட்டும்?"

அன்புக்கரசி மகளைப் பார்த்தாள். மகள் கதவைப் பார்க்கவில்லை.

"நான் ஒருத்திதான் டாக்டர்" என்றாள்.